ஊரோடு போய் எழுதிய பரீட்சை

பல்கலைக்கழகம் அச்சடித்துக் கொடுக்கும் தேதியை நம்பி ஒருவன் முடிவெட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் எந்தக் காரியமும் வைத்துக்கொள்ளக் கூடாது. இது இப்போது எனக்குத் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பத்தூரில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது தெரியாது. ஆனால் அந்த வயதில் எனக்குத் தெரியாதது என்று ஒன்று இருப்பதை நான் ஒப்புக்கொண்டதே கிடையாது.

திருப்பத்தூருக்கு மேலே மலையில் இருக்கும் புதூர்நாட்டில், எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். (இரண்டாவது ஆள் யாரும் இல்லாததால் போட்டியும் இல்லை.) மலைக்கு வரும்போதெல்லாம் கல்லூரிக் கையேட்டைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்திருப்பேன். கல்லூரி திறக்கும் நாள், தேர்வு தொடங்கும் நாள், முடியும் நாள், விடுமுறை எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். யாராவது "எப்பப்பா லீவு?" என்று கேட்டால் மனப்பாடமாகத் தெரிந்தாலும் கையேட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

அந்த வருடம் காளியம்மன் திருவிழாவில் கரகம் எடுக்கும் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. கல்யாணமாகாத ஆண்தான் எடுக்க வேண்டும். வீட்டில் அப்படி மிச்சமிருந்தவன் நான் மட்டும்தான். வழக்கமாகப் புளி உலுக்கி முடிந்ததும் ஊர் கூடும், ஊர்க்கவுண்டர் ஒரு நாளைச் சொல்வார், எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைவார்கள். அந்த முறை அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன்.

"பங்குனியில வேணாம் மாமா. எனக்குப் பரீட்சை. சித்திரை பாதியில வச்சிக்கலாம். அதுக்குள்ள லீவு வுட்டுடுவாங்க."

கவுண்டர் என் அம்மாவுக்கு அண்ணன் முறை. யாரும் குறுக்கே பேசிப் பழக்கப்படாதவர். என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த கையேட்டைப் பார்த்தார்.

"உறுதியா சொல்றியா?"

"புஸ்தகத்துலயே போட்டிருக்காங்க மாமா."

"யாரு போட்டது?"

"யுனிவர்சிட்டி."

"அவன் பேச்சு மாறமாட்டானா?"

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையலாம் போல இருக்கும்.) "யுனிவர்சிட்டி மாமா அது. அச்சடிச்சா அடிச்சதுதான்."

ஊர் தலையாட்டியது. சித்திரைப் பாதிக்கு நாள் குறித்தார்கள். பங்குனியில் மற்ற தாள்களை எழுதி முடித்தேன். கடைசித் தாளான ஐரோப்பிய வரலாறு மட்டும் ஏதோ காரணத்தால் தள்ளிப்போயிருப்பதாகவும், தேதி பிறகு தெரியும் என்றும் கல்லூரியில் சொன்னார்கள். எப்படியும் விடுமுறை முடிந்துதான் வைப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மலையேறினேன். விசாரிக்கவா செய்வேன்? நானா?

வலது மணிக்கட்டில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு, வேப்பிலை. கரகம் எடுப்பவன் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, வெளியே கை நனைக்கக் கூடாது. மஞ்சள் வேட்டியில், உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, ஊரே மரியாதையாகப் பார்க்க நான் வலம்வந்துகொண்டிருந்தேன்.

கரகத்துக்கு முதல் நாள் சாயங்காலம், மலைக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்பின் டிரைவர் வந்து என்னைத் தேடினார்.

"திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுல உன்கூட படிக்கிற பையன் சொன்னான்பா. நின்னு போன பரீட்சைய நாளைக்கு மத்தியானம் வைக்கிறாங்களாம்."

நாளைக்குத்தான் கரகம். சாயங்காலம் விளக்கு வைத்ததும் தலையில் ஏற்ற வேண்டும். ஒரு தாள் போனாலும் அடுத்த வருடம் அரசு விடுதியில் இடமில்லை. விடுதி இல்லை என்றால் படிப்பும் இல்லை. அதுவரை ஊருக்கே வருடத்தை வகுத்துக் கொடுத்தவன், அம்மா முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அம்மா கவுண்டர் வீட்டுக்கு ஓடினாள். ஊர் மறுபடி கூடியது. "காப்ப அவுத்துட்டுப் போவட்டும்" என்றார் ஒருவர். பூசாரி அவரை முறைத்த முறையில் அவர் கூட்டத்தின் கடைசிக்கே போய்விட்டார். "படிப்ப வுட்டுடச் சொல்லு" என்றார் இன்னொருவர். அம்மா அவரை முறைத்தாள்.

கவுண்டர் மட்டும் நிதானமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பிறகு துப்பிவிட்டுக் கேட்டார்.

"காப்புக்காரன் ஊர வுட்டுப் போவக்கூடாது. அவ்ளோதான?"

"ஆமாங்க" என்றார் பூசாரி.

"ஊரே அவன்கூட போனா? ஊரு பக்கத்துலயே இருக்கிறப்ப, அவன் எப்படி ஊர வுட்டுப் போனவன் ஆவான்?"

பூசாரியே தலையாட்டி, "வெளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பிடணும்" என்றார்.

மறுநாள் இரண்டு ஜீப்பில் ஊர் கிளம்பியது. கவுண்டர், பூசாரி, பம்பைக்காரர் இரண்டு பேர், அம்மா, அம்மாவோடு ஏழெட்டுப் பெண்கள், நடுவில் மஞ்சளாக நான். கல்லூரி வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கியபோது என் வகுப்பே வரிசையாக நின்று பார்த்தது. "இன்னாடா, மாப்ள அழைப்பா?" என்று ஒருவன் கேட்டான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். தேர்வு அறைக்கு நேர் எதிரே புங்கமரத்தடியில் எங்கள் ஊர் துண்டு விரித்து உட்கார்ந்தது.

வினாத்தாளை வாங்கி ஒரு பக்கம்கூட எழுதியிருக்க மாட்டேன். அறைக் கண்காணிப்பாளர் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"கையில இன்னாது?"

"காப்பு சார்."

"உள்ள பிட்டு வச்சிருக்கியா? அவுத்துடு."

"அவுக்கக் கூடாது சார். சாமி குத்தம்."

"அவுக்கலன்னா வெளிய போ."

இதெல்லாம் ஜன்னல் வழியாகப் புங்கமரத்துக்குக் கேட்டிருக்கிறது. அடுத்த நிமிடம் கவுண்டர் அறை வாசலில் நின்றார். பின்னால் பூசாரி. அதற்கும் பின்னால் என் அம்மா.

"யாருங்க காப்ப அவுக்கச் சொன்னது?"

கண்காணிப்பாளர் ஓடிப்போய் முதல்வரை அழைத்து வந்தார். முதல்வர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து வேப்பிலையை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். முழு அறையும் எழுதுவதை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தது. கடைசியில் ஒரு சமரசம் ஆனது. காப்பு இருக்கலாம், ஆனால் தேர்வு முடியும்வரை கண்காணிப்பாளர் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தக் கையைக் கவனிக்க வேண்டும். அவர் கவனித்தார். அவர் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது.

பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களைத் தொடங்கினேன். அப்போது வெளியே பம்பை முழங்கியது. காப்புக்காரன் எங்கே இருந்தாலும் உச்சிப்பொழுது சாய்ந்ததும் அம்மனுக்கு ஒரு முறை அடித்தாக வேண்டுமாம். (இதை யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பேன்.) கரகத்துக்காகப் பதினைந்து நாளாக அந்த அடிக்கு ஆடிப் பழகிய கால். என் அனுமதி இல்லாமலே மேசைக்கடியில் ஆட ஆரம்பித்தது. மேசை ஆடியது. பேனா ஆடியது. பாஸ்டில் சிறை விழுந்த இடத்தில் என் கையெழுத்தும் விழுந்தது. பின்வரிசையில் எவனோ குலவையிட்டான். கண்காணிப்பாளரும் சிரித்துவிட்டார்.

வெயில் சாய ஆரம்பித்ததும் ஜன்னலில் கவுண்டரின் தலைப்பாகை தெரிந்தது.

"டேய், எழுதனவரிக்கும் போதும். வா, வெளக்கு வைக்கணும்."

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு மாமா!"

"அத அடுத்த வருசம் எழுதிக்கலாம் வாடா!"

பேப்பரைக் கொடுத்துவிட்டு வெறுங்காலில் ஓடினேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் என் ஐரோப்பிய வரலாறு முழுவதையும் குலுக்கி வெளியே கொட்டியது. கோயிலில் பூசாரியின் மகன் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தோம். அன்று கரகம் என் தலையில் கொஞ்சமும் கோணாமல் நின்றது. அதுவாவது நின்றதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தாளில் தேறினேன். ஒரு மதிப்பெண் குறைந்திருந்தாலும் போயிருக்கும். நான் தேறியதற்கு ஊரில் பம்பைக்காரர்களுக்குத்தான் துண்டு போர்த்தினார்கள்.

அடுத்த வருடம் நாள் குறிக்க ஊர் கூடியபோது நான் கையேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கவுண்டர் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னார். அது சரியாக என் இறுதியாண்டுத் தேர்வுக்கு நடுவில் வந்தது. கையைத் தூக்கி, மெதுவாகச் சொன்னேன்.

"அன்னிக்குப் பரீட்சை இருக்கு மாமா."

"இந்த வருசம் தேதிய நாங்க வச்சிட்டோம்டா. உன் யுனிவர்சிட்டிக்கு ஒரு வார்த்த சொல்லிடு. அது மாத்தி வச்சிக்கட்டும்."

ஊர் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்த வருடம் ஏதோ வேலைநிறுத்தம் என்று எல்லாத் தேர்வுகளையும் பல்கலைக்கழகம் வைகாசிக்குத் தள்ளிவைத்தது.

நான் எவ்வளவோ விளக்கிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. கவுண்டர் சொன்னார், யுனிவர்சிட்டி கேட்டது, அவ்வளவுதான். இப்போது அவர் மகன்தான் ஊர்க்கவுண்டர். நானும் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றாயிற்று. இன்றும் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் முதல் வேலையாக எனக்குப் போன் செய்துவிடுகிறார்.

"தேதி வச்சாச்சுங்க. யுனிவர்சிட்டிக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் கவுண்டரே" என்கிறேன். "சரின்னுட்டாங்க."