பதினேழாம் அடிக்குறிப்பு

ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருக்கும்போது, வரதராஜனின் ஆராய்ச்சிக் கட்டுரை சென்னையிலிருந்து தபாலில் திரும்பி வந்தது. முழுக்கட்டுரை அல்ல, மூன்றாம் அத்தியாயம் மட்டும். பதினேழாம் அடிக்குறிப்புக்குப் பக்கத்தில் பேராசிரியர் சிவப்பு மையில், "ஒருவர் சொன்னால் அது ஊர்வம்பு. இரண்டாவது ஆதாரம் எங்கே? கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறேன், நேரில் விசாரிப்பேன்" என்று எழுதியிருந்தார்.

வரதராஜன் அதை இரண்டு தடவை படித்தான். பொதட்டூர்பேட்டை நெசவாளர்கள் ஒரு காலத்தில் வரியை எதிர்த்து நாற்பது நாள் தறியை நிறுத்தினார்கள் என்பதுதான் அவன் ஆராய்ச்சிக்கே உயிர். அதற்கு இருந்த ஒரே சாட்சி, திருத்தணி மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரம் விற்கும் கோதண்டம். அந்த அடிக்குறிப்பு போனால் அத்தியாயம் போகும், மூன்று வருஷ உழைப்பு போகும், டாக்டர் பட்டமும் போகும். பையனுக்குப் பட்டம் வரப்போகிறது என்று தாலுகா ஆபீஸ் வரை சொல்லி வைத்திருக்கும் நைனாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாள் காலையிலேயே பொதட்டூர்பேட்டைக்குக் கரி பஸ் ஏறினான். யுத்த காலமாதலால் பெட்ரோல் கிடையாது. கரியை எரித்து அந்தப் புகையில் ஓடுகிற வண்டி. மேடு வந்த இடத்திலெல்லாம் பிரயாணிகள் இறங்கித் தள்ளினார்கள். முகமெல்லாம் கரியாகத் தங்கவேல் என்ற நெசவாளர் வீட்டு வாசலில் போய் நின்றான்.

அந்தப் பக்கத்து ஜனங்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. வெயிலில் அலைந்து வந்தவனை "இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்ப மனசு வராது. நம் ஆராய்ச்சியாளனோ கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கொண்டு போயிருந்தான்.

"உங்க முன்னோருங்க வரிய எதிர்த்து நாப்பது நாள் தறிய நிறுத்தினாங்களாமே, நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?"

தங்கவேல் அந்தக் கரிமுகத்தை இரக்கத்தோடு பார்த்தார். ஒரு சொம்பு மோரை நீட்டினார்.

"ஆங், நிறுத்தினாங்க. முன்னால நின்னதே எங்க தாத்தாதாங்க. ஆனா நாப்பது இல்ல, அறுவது நாளு."

வரதராஜன் மோரையும் குடித்து, வாக்குமூலத்தையும் எழுதிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பினான். தெருமுனை வந்ததும்தான் உறைத்தது. நாற்பதா, அறுபதா? சாட்சிகள் முரண்பட்டால் இரண்டையும் தள்ளு என்பது பேராசிரியரின் முதல் பாடம். ஒரு சாட்சி இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை.

மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும் என்று அடுத்த தெருவில் ராஜவேலுவைப் பிடித்தான். அவரும் மோர் கொடுத்தார். ஐம்பது நாள் என்று நியாயமாக நடுவில் வெட்டினார். முன்னால் நின்றது தன்னுடைய தாத்தாதான் என்றும், தங்கவேலின் தாத்தா அந்த ஐம்பது நாளும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நெய்து கொண்டிருந்தார் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இந்தச் சேதி வரதராஜன் பஸ் ஏறுவதற்குள் தங்கவேல் வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. சமாதானம் செய்யப் போன வரதராஜன், இரண்டு தாத்தாவும் சேர்ந்தே நின்றதாகப் புத்தகத்தில் எழுதிவிடுகிறேன் என்றான். அப்படியானால் யார் பெயர் முதலில் என்று கேட்டார்கள். திருத்தணிக்கு வரும் பேராசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். கிருத்திகைக்கு நேரில் வந்து உங்கள் வாத்தியாரிடமே கேட்டுக்கொள்கிறோம் என்று இரண்டு தெருக்காரர்களும் முடிவு செய்தார்கள்.

கிருத்திகையன்று பேராசிரியர் படியேறித் தரிசனம் முடித்து, காவடிக் கூட்டத்தில் நசுங்கி, கோதண்டத்தின் கடைக்கு வந்து சேர்ந்தார். அங்கே இருபது சாட்சிகள் காத்திருந்தார்கள். முதலில் அவருக்கே பிரமிப்பாக இருந்தது. பிறகு வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். இது உங்களுக்கு யார் சொல்லித் தெரியும்?

ராஜவேலு தெருக்காரர்கள் ராஜவேலுவைக் காட்டினார்கள். தங்கவேல் தெருக்காரர்கள் தங்கவேலைக் காட்டினார்கள். அவர்கள் இருவரும், மூன்று நாளில் முதல் தடவையாக ஒற்றுமையாக, வரதராஜனைக் காட்டினார்கள்.

"தோ, இந்தத் தம்பி வந்து கேட்டப்பதாங்க தெரியும்," என்றார் தங்கவேல்.

வரதராஜன் கோதண்டத்தைக் காட்டினான். கோதண்டம் தலையைச் சொறிந்தார். யாரோ படிச்ச மனுஷர் சொன்னதுதான், யாரென்று தனக்கு ஞாபகமில்லை, சம்சாரத்துக்குத் தெரிந்திருக்கும் என்றார்.

"ஆக, மூலம் தெரியாது," என்றார் பேராசிரியர். ஆதாரமில்லாமல் எவனோ ஒருவன் அளந்துவிட்டதை நம்பி ஓர் அத்தியாயமே எழுதுகிறவனுக்கு எந்தச் சர்வகலாசாலையும் பட்டம் தராது என்றார். சிவப்பு மைப் பேனாவைத் திறந்து பதினேழாம் அடிக்குறிப்பின் மேல் வைத்தார். வரதராஜன் கண்ணை மூடிக்கொண்டான்.

தேங்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த கோதண்டத்தின் மனைவி குப்பம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து, பேராசிரியரை நன்றாக உற்றுப் பார்த்தாள்.

"இன்னாங்க சாமி, எட்டு வருசம் முன்னாடி இதே கிருத்திகைக்கு வந்து, மழைக்கு ஒதுங்கி இந்தப் பலகையில குந்திகினு, எங்களுக்கு இந்தக் கதைய சொன்னதே நீங்கதானே?"