அடுப்படியில் விழுந்த கோல்கள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அன்று காலையில் ஒரு சபதம் எடுத்தார். கால்பந்துக் கோப்பையில் குரூப் சுற்று முடியும்வரை, ஆட்டம் நடக்கும்போது கூடத்துச் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை. இடி விழுந்தாலும் சரி, விருந்தாளி வந்தாலும் சரி. முக்கியமாக, சமையலறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

அந்தக் கடைசி வரி சபதத்துக்குத் தேவையே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அங்கே போனதெல்லாம் தண்ணீர் குடிக்கத்தான்.

அவருடைய அணி பச்சைச் சட்டை அணி. பள்ளிக்கூட நாளில் பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை. நான்கு அணிகள் ஒரு குரூப், ஆளுக்கு மூன்று ஆட்டம், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மேலே போகலாம். பச்சைச் சட்டைக்காரர்கள் ஒரு தடவைகூட மேலே போனதில்லை. பெட்டியைப் பிரிக்காமலே ஊர் திரும்புகிற ரகம். இந்தத் தடவை தாண்டிவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. போன தடவையும் இருந்தது.

சபதத்தை மனைவியிடம் அறிவித்தார். அவள் கேட்டுக்கொண்டு, வேறு ஒன்றைச் சொன்னாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரியிலேர்ந்து மறுபடியும் கேட்டாங்க."

"ஆஸ்பத்திரியா? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. மருந்துக் கவுன்ட்டர் வேலை. சாயங்கால ஷிப்ட். சொன்னேனே."

"சாயங்காலமா? அப்போ ராத்திரிச் சாப்பாடு?"

"நீங்க பண்ணுங்க."

"நானா? நான் வெந்நீர் வச்சாலே அடிப்பிடிக்கும்!"

"கத்துக்கலாம்."

"குரூப் சுற்று முடியட்டும். பார்க்கலாம்."

இந்தப் 'பார்க்கலாம்' எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மருந்தாளர் படிப்புப் படித்தவள். மகள் பிறந்தபோது வேலையை விட்டாள். மகள் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மத்தியானத்தில் வீடு சத்தமே இல்லாமல் கிடக்கும். துடைத்த அலமாரியையே அவள் மறுபடியும் எடுத்துத் துடைப்பாள். அது அவளுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. ஊராரை உட்கார வைத்து, "மேல் வரிசை தெரியுதா, கீழ் வரிசை தெரியுதா?" என்று பகலெல்லாம் கேட்பவர், வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சியை மட்டும்தான் பார்ப்பார்.

முதல் ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கண்ணாடிக்காரர் சோபா நுனிக்கு வந்துவிட்டார். இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தால் தரைதான்.

"என்னங்க! இந்த மூடியைக் கொஞ்சம் திறந்து குடுங்க!"

"அப்புறம்!"

"அடுப்புல எண்ணெய் காயுதுங்க! சீக்கிரம்!"

சபதம் எண்ணெய்க்குப் பயந்தது. ஓடினார். பாட்டில் மூடியில் கை வைத்தார். கூடத்தில் வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார். கோல்! பச்சைச் சட்டை! அந்த ஆட்டத்தின் ஒரே கோல். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்து, மறுபடி போட்டுக் காட்டியதைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. ஜெயித்த சந்தோஷத்தைவிடப் பார்க்காத வயிற்றெரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் பச்சைச் சட்டை இரண்டு கோல் வாங்கியிருந்தது. கண்ணாடிக்காரர் முகம் தொங்கிவிட்டது.

"என்னங்க, உருளைக்கிழங்கு தோல் சீவணும். வாங்க."

"மனுஷன் இருக்கிற நிலைமையில உருளைக்கிழங்கா?"

"போன தடவை வந்தீங்க, ஜெயிச்சாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

எழுந்து போனார். தோலில் கத்தி பட்டதுதான் தாமதம், கூடத்தில் கோல். ஓடிவந்து உட்கார்ந்தார். அதன்பிறகு வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பந்து கம்பத்தில் பட்டது, கோல் காவலர் காலில் பட்டது, வலையில் மட்டும் படவில்லை.

"என்னங்க, இன்னும் ஒரு கிழங்கு இருக்கு!"

இந்தத் தடவை கூப்பிட்ட சத்தம் அடங்குவதற்குள் அங்கே நின்றார். பாதிக் கிழங்கு சீவியபோது இரண்டாவது கோல். ஆட்டம் ட்ரா.

கையில் கிழங்கோடு அவர் அசந்துபோய் நின்றார். "நான் பார்த்தா விழல. அடுப்படிக்கு வந்தா விழுது."

"சும்மா வந்து நின்னா விழாதுங்க," என்றாள் மனைவி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "வேலை செஞ்சாத்தான் விழுது. கவனிச்சீங்களா?"

கவனித்தார். படித்த மனிதர்தான். லென்ஸ், ஒளி, கோணம் எல்லாம் தெரிந்தவர்தான். ஆனால் பச்சைச் சட்டை விஷயத்தில் அவருடைய படிப்பு செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும்.

அடுத்து, அதே குரூப்பின் மற்ற இரண்டு அணிகள் மோதின. அவர்கள் ட்ரா செய்தால் பச்சைச் சட்டைக்கு நல்லது. கண்ணாடிக்காரர் தானாகவே சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ட்ரா ஆகணும்னா என்ன பண்ணணும்?"

"முட்டை," என்றாள் மனைவி யோசிக்காமல். "ஒரு பக்கம் வெந்ததும் திருப்பிப் போடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வேகணும்."

அவருக்கு அது நியாயமாகவே பட்டது. முதல் முட்டை கருகியது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவது இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் வந்தது. ஆட்டமும் ட்ரா ஆகித் தொலைத்தது. அதற்குப்பிறகு அவரை யார் பிடிப்பது? இடைப்பட்ட நாட்களில் சோறு வடித்தார், காய் வதக்கினார். உப்பு மட்டும் வசப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் "எவ்வளவு?" என்று கேட்டுத்தான் போட்டார்.

மூன்றாவது ஆட்டத்து நாள் வந்தது. ஆட்டம் சாயங்காலம். ட்ரா செய்தால் போதும், பச்சைச் சட்டை முதல்முறையாகக் குரூப்பைத் தாண்டும். தோற்றால் வழக்கம்போலப் பெட்டி. மத்தியானம் பக்கத்து வீட்டு டிரைவிங் மாஸ்டர் கடைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. அவரும் பச்சைச் சட்டைக்காரர். 'பிரேக், பிரேக்' என்று கத்தியே பழகிய குரல்.

"சார், நான் கோலுக்குக் கத்துறது உங்க வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்குதாமே? உங்க வீட்டம்மா சொன்னாங்க. குறைச்சுக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம் அண்ணா, இன்னும் நல்லாக் கத்துங்கன்னாங்க. தங்கமான மனசு சார்!"

திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "கூடத்துல எனக்கு ஒண்ணும் கேட்கலையே?"

"எப்படிக் கேட்கும்? உங்க கூடம் தெருப் பக்கம். என் ஜன்னல் உங்க அடுப்படி ஜன்னலைப் பார்த்துல்ல இருக்கு. அதுவும் இல்லாம, உங்களுக்குப் படம் இன்டர்நெட்ல வருது, எனக்கு மொட்டைமாடி டிஷ் குடையில வருது. நான் கத்தி அரை நிமிஷம் கழிச்சுத்தான் உங்களுக்குக் கோலே விழும்!"

கண்ணாடிக்காரருக்கு மேல் வரிசை, கீழ் வரிசை எல்லாம் ஒரே நேரத்தில் பளிச்சென்று தெரிந்தது. மூடி. கிழங்கு. இன்னொரு கிழங்கு. அத்தனையும் மாஸ்டரின் தொண்டைக்குப் பின்னால் நடந்தவை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இன்றைக்கு யார் கூப்பிட்டாலும் அசைவதில்லை. கோல் விழும்போது கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் அவளை நாலு கேள்வி கேட்பது என்று முடிவு.

யாரும் கூப்பிடவில்லை. எதிரணி ஒரு கோல் போட்டது. அப்போதும் சமையலறையிலிருந்து குரல் வரவில்லை. பாத்திரச் சத்தம்கூட இல்லை. பச்சைச் சட்டைக்காரர்கள் முட்டி மோதினார்கள். நேரம் கரைந்தது. இதெல்லாம் ஏமாற்று வேலை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சோபா முள்ளாகக் குத்தியது. கடைசியில் எழுந்தே விட்டார்.

சமையலறையில் வெங்காயமும் கத்தியும் தயாராக இருந்தன. மனைவி கைகட்டி ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியும்," என்றார் அவர், கத்தியை எடுத்துக்கொண்டே.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். கடையில உங்ககிட்டச் சொன்னதை மாஸ்டர் அண்ணா அப்பவே வந்து உளறிட்டார்."

"ஏமாத்திட்டே இல்ல?"

"முதல் தடவை மூடி நிஜமாவே திறக்கலைங்க. மாஸ்டர் கத்தி முடிச்சு, நீங்க வந்து திறக்கிறப்போதான் கூடத்துல கோல் விழுந்தது. அப்போதான் எனக்கு விஷயமே புரிஞ்சது."

"நேராவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே." அவள் குரல் உயரவில்லை. "ஒரு தடவையா? ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம்னீங்க. சமைக்கத் தெரியாதுன்னீங்க. இப்போ உங்க கையைப் பாருங்க."

பார்த்தார். வெங்காயம் ஒரே அளவில், பொடிப்பொடியாக, பேச்சோடு பேச்சாக நறுக்கியிருந்தது. கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட அவருக்கு மனம் வரவில்லை. அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அப்போது ஜன்னல் அதிர்ந்தது. "கோ...ல்!" மாஸ்டர் தெருவுக்கே பிரேக் போட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூடத்தில் வர்ணனையாளர் இன்னும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஓடுங்க! அரை நிமிஷம் இருக்கு. ஒரு கோலையாவது நேராப் பாருங்க!" அவள் மனதாரத்தான் சொன்னாள்.

கண்ணாடிக்காரர் பாய்ந்தார். நிலைப்படி வரை போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"அங்க அடிச்சாச்சு. நம்ம வீட்டுல இன்னும் அடிக்கலையே. நான் போய்க் கெடுத்துட்டா?"

திரும்பி வந்தார். வெங்காயத்தை வாணலியில் தள்ளி, மும்முரமாகக் கிண்டினார். கூடம் அலறியது. ட்ரா! ஆட்டம் அப்படியே முடிந்து, பச்சைச் சட்டை குரூப்பைத் தாண்டியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் குதித்தார், இந்தப் பக்கம் இவர் கரண்டியோடு குதித்தார். அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. இந்தத் தடவை அது அவர் காதில் விழுந்தது.

"அடுத்த சுற்று எப்போங்க?"

"திங்கட்கிழமை சாயங்காலம்."

"நான் வேலையில சேர்றதும் அன்னைக்குத்தான். நேத்தே ஒத்துக்கிட்டேன்." அவள் அடுப்பைத் தணித்தாள். "நான் இல்லைன்னு கூடத்துல போய் உட்கார்ந்துடாதீங்க. பாவம், பசங்க உயிரைக் குடுத்து விளையாடுறாங்க."

கண்ணாடிக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"சரி. உப்பு எவ்வளவுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."