கதவு எங்கே, கண்டுபிடியுங்கள்

எனக்கு ரசனை வந்தது நாற்பத்தொன்றாவது வயதில். அம்மை மாதிரி, ரசனையும் சின்ன வயதிலேயே வந்து இறங்கிவிட வேண்டும். காலம் கடந்து வந்தால் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். என்னை ஆக்கியது.

சித்தூர்க்காரனான நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, திருப்பதியில் அலிபிரி போகிற சாலையில் ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தேன். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரமெல்லாம் போனில் வீட்டு அலங்கார வீடியோக்கள் பார்ப்பேன். அதில் வரும் வீடுகளில் எதுவுமே இருக்காது. செருப்பு இல்லை, காலண்டர் இல்லை, குக்கர் இல்லை. சுவர்கள் பளபளவென்று இருக்கும். நடுவில் ஒரு பெண் வெள்ளை உடையில் கிரீன் டீ குடித்துக்கொண்டிருப்பாள். (அந்த டீயை அவள் எங்கே போட்டாள் என்று நான் யோசிக்கவே இல்லை.)

பெங்களூரிலிருந்து ஒரு டிசைனரைப் பிடித்தேன். அவர் சொன்ன ஒரே மந்திரம், "கண்ணுக்கு எதுவும் தெரியக்கூடாது சார்." அதன்படி ஹாலின் ஒரு சுவர் முழுக்கப் பளபளக்கும் வெள்ளைப் பலகைகள். அதற்குள்தான் செருப்பு அலமாரி, பூஜை அறை, பாத்ரூம் எல்லாம். எதற்கும் கைப்பிடி கிடையாது. விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் 'டிக்' என்று திறந்துகொள்ளும்.

தச்சர் ரமணய்யா தலையைச் சொறிந்தார். "பிடி இல்லேன்னா தலுப்பு எது, சுவரு எதுன்னு எப்படி சார் தெரியும்?"

"தெரியக்கூடாதுங்க. அதான் டிசைன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

என் மனைவி கல்பனா பூஜை அறையைத்தான் கேட்டாள். "மலைமேல வரிசைல நின்னாவது பெருமாளைப் பாத்துடலாம். நம்ம வீட்ல சுவத்தைத் தட்டித்தான் பாக்கணுமா?"

ரசனை இல்லாதவர்களோடு வாழ்வது கஷ்டம் என்று அப்போது நினைத்தேன்.

ஒரே ஒரு குறை இருந்தது. பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. கடையில் கிடைக்கும் அலுமினியத் தாழ்ப்பாள் போட்டால் அழகு கெட்டுவிடும் என்று சொல்லி, டிசைனர் கறுப்பு நிறத்தில் ஒன்று ஆர்டர் செய்திருந்தார். அது வருகிறது, வருகிறது என்று வந்துகொண்டே இருந்தது.

அதுவரை உள்ளே இருப்பவர் ஏதாவது சத்தம் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. கல்பனா இருமுவாள். என் நைனா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உள்ளே போனதும் சித்தூரிலிருந்து திருப்பதி பஸ் கிளம்புகிற மாதிரி விசில் அடிப்பார். பிறகு "பூதலப்பட்டு... பாகாலா..." என்று ஒவ்வொரு நிறுத்தமாகக் கூவிக்கொண்டு வருவார். திருப்பதிக்கு முந்தின "சந்திரகிரி!" என்று கேட்டால் அடுத்து நிற்பவர் துண்டை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நிலையில்தான் என் தங்கை ஹேமாவைப் பெண் பார்க்கப் பலமனேரிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் 'சொல்லியனுப்புகிறோம்' என்று போனவைதாம். ஹேமா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மூன்றாவது தடவையும் அதே புடவையா என்று கல்பனா கேட்டபோது, "எதுவா இருந்தா இன்னா அண்ணி" என்றாள். அது எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டைப் பார்த்த பிறகு யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

அன்று காலையிலிருந்து இடுப்பில் ஒரு மஞ்சள் துணியைச் செருகிக்கொண்டு சுவரில் இருந்த விரல் தடங்களைத் துடைத்தேன். குக்கர், துடைப்பம், நைனாவின் ரேடியோ, காயப்போட்ட துணி எல்லாவற்றையும் அள்ளிச் செருப்பு அலமாரிக்குள் அடைத்தேன். கடைசியாக நைனாவிடம் போனேன்.

"நைனா, இன்னிக்கி ஒரு நாள் பாத்ரூம்ல பஸ்ஸு ஓட்டாதே. அவங்க பெரிய இடம். கௌரவமா இரு."

"சத்தம் குடுக்காம எப்டிடா?"

"யாரும் வரமாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

பதினோரு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா முனிரத்தினம். முனிரத்தினம் பலமனேரில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். ஆள் நல்ல ஆகிருதி, சர்க்கரை வியாதி வேறு. இரண்டரை மணி நேரப் பயணம், வழியில் சித்தூரில் ஒரு டீ. உட்காரக்கூட இல்லை.

"தம்பி, பாத்ரூம் எக்கட?"

இங்கேதான் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. புது வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் ஆடிய விளையாட்டை அவரிடமும் ஆடினேன். கைகளைக் கட்டிக்கொண்டு, புன்னகையோடு, "இந்தச் சுவத்துலதான் இருக்கு. நீங்களே கண்டுபிடிங்க பாக்கலாம்!" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நேரம் இல்லாததால் திட்டவில்லை. முதல் பலகையை அழுத்தினார். டிக். குக்கர் உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. பின்னாலேயே துடைப்பமும் என் பனியன்களும். அதைத் தாண்டி இரண்டாவது பலகையை அழுத்தினார். பெருமாள். அந்த அவசரத்திலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு "கோவிந்தா" என்றார். மூன்றாவதை அழுத்தினார்.

நைனா.

வீட்டில் எல்லாரும் வாசலுக்கு ஓடிய நேரத்தில் அவர் உள்ளே போயிருக்கிறார். நான் சொன்னபடியே கௌரவமாக, ஒரு சத்தமும் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, முனிரத்தினத்தின் ஆகிருதி வாசலை முழுசாக அடைத்துவிட்டது. எங்களுக்குக் குரல்தான் கேட்டது.

"வாங்க சம்பந்தி, வாங்க."

முனிரத்தினம் பதறிப்போய்க் கதவை அறைந்து சாத்தினார். அழுத்தினால் திறக்கும் கதவுக்கு அறைதலும் ஓர் அழுத்துதான். டிக் என்று மறுபடி திறந்துகொண்டது.

"பிரயாணமெல்லாம் சவுகரியமா இருந்துச்சா?"

மறுபடி அறைந்தார். மறுபடி டிக்.

"டேய், அவருக்குக் காப்பி குடுத்தீங்களாடா?"

நான் பாய்ந்து போய்க் கதவை மெதுவாகச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து தட்டினார். விலகினேன். நைனா வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து எல்லாரையும் கும்பிட்டார். முனிரத்தினம் உள்ளே ஓடினார். "புடிச்சுக்க தம்பி, விட்ராதே!" என்று குரல் வந்தது. மறுபடி முதுகைக் கொடுத்தேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஹேமா காப்பித் தட்டோடு வந்தாள். தரையில் குக்கரும் பனியனும். சுவரில் தாழ்ப்பாளாக அண்ணன், இடுப்பில் மஞ்சள் துணியோடு. (அதை எடுக்க மறந்திருந்தேன்.) அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். தட்டு நடுங்கியது. எதிரே மாப்பிள்ளையின் தோளும் குலுங்குவதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். காப்பி பாதி தட்டில். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்காமல் என் பனியன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது இடமும் போச்சு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதுகோடு இரண்டு கையையும் கதவில் ஊன்றியிருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

முனிரத்தினம் வெளியே வந்தார். ஈரக் கையைத் துடைக்கத் துண்டு தேடினார், அதுவும் எங்கோ ஒளிந்திருந்தது. என் இடுப்பிலிருந்த மஞ்சள் துணியை உருவித் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு இந்தச் சம்பந்தம் புடிச்சிருக்கு" என்றார் மனைவியிடம். "நானும் எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். வாசல்ல நின்னு 'வா'ன்னு சொல்லவே யோசிக்கிறாங்க. இந்த மனுசன் எங்க உக்காந்துக்கினு 'வாங்க'ன்றாரு பாரு! காப்பி வேற கேக்கறாரு!"

நைனா அடக்கத்தோடு, "வந்தவங்களை வான்னு சொல்லணும் இல்ல?" என்றார்.

மறுநாள் ரமணய்யா வந்து ஒரு சாதாரண அலுமினியத் தாழ்ப்பாள் அடித்தார். அழகு கெட்டது. நிம்மதி வந்தது. மூன்று மாதத்தில் ஹேமா பலமனேர் மருமகளானாள்.

இப்போது அவள் மகளுக்கு மூன்று வயது. பெயர் சாத்விகா. பலமனேர் தாத்தா மடியில் வைத்து இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, குழந்தை மனதில் அது சட்டமாகவே பதிந்துவிட்டது. போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவள், ஐஸ்கிரீம் வேண்டும் என்று ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். ஆனால் அவள் அதை உடனே திறக்கவில்லை. மூன்று தடவை தட்டிவிட்டு, கதவில் காதை வைத்துக் கேட்டாள்:

"தாத்தா, உள்ள கீறியா?"