அழிக்க அழிக்க வந்த கோடு

"அண்ணன் தங்கச்சியாம்லா! என் மகளும் அந்தப் பையனும் அண்ணன்..."

"கனகு, முதல்ல உக்காரு, நான் சொல்றத..."

"என்னத்த உக்கார? ஞாயித்துக்கிழமை பரிசம்! மாப்பிள்ளையோட அம்மா போன் போட்டு முறை தப்புதுன்னு..."

"ஒரு கோடுதானேடா, அழிச்சா போச்சு!"

"அந்தப் படத்தைப் போட்டதே நீதானே அக்கா!"

அந்த இடத்தில் விமலாவின் வாய் நின்றது. மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் விமலாவின் வாய் நின்று பார்த்தவர்கள் குறைவு.

தம்பி கனகராஜ் சொன்னதில் பொய்யில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விமலா, சும்மா இருக்க முடியாமல் தோழி ஹில்டாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இணையத்தில் ஓர் உறவுப் படம் ஆரம்பித்திருந்தாள். பீடோர் பக்கம் அவர்கள் பிறந்த ரப்பர் தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு வட்டம், உறவுக்கு ஒரு கோடு. ஒரு வட்டத்தைத் தொட்டால் போதும், அதன் சொந்தக்காரர்கள் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி சுற்றிலும் தெறித்து வருவார்கள். இரண்டு பேரைக் காட்டி ஒரு பொத்தானை அழுத்தினால், இவருக்கு அவர் என்ன முறை என்று வழி கண்டுபிடித்துச் சொல்லும்.

யாரும் பார்க்கலாம், யாரும் சேர்க்கலாம், யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். சித்தியவானில் ஒருவர் கல்லறைப் பெயர்களைத் திரட்டி வைத்திருந்தார். தாப்பாவில் இன்னொருவர் பழைய பள்ளிக்கூடத்துப் பெயர்களை வைத்திருந்தார். அவையும் இதோடு இணைந்துகொண்டன. அதில் தேடி, தொலைந்துபோன சின்னம்மாவைக் கண்டுபிடித்தவர்கள் விமலாவுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறார்கள்.

கனகராஜின் மகள் தினேஸ்வரிக்கு மாப்பிள்ளை கிடைத்ததும் அதில்தான். பெண்ணின் அம்மா பார்வதி, மகளின் சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள். வளர்த்தது அத்தைக்காரி விமலா. வட்டம் வட்டமாகத் தாவித் தாவி, தாப்பா மாரியம்மாவின் மகன் யுகேந்திரனை அவளேதான் பிடித்தாள். அப்போது பொத்தானை அழுத்தியும் பார்த்தாள். இருவருக்கும் நடுவே ஒரு கோடும் இல்லை.

இப்போது இருக்கிறது. தினேஸ்வரியின் அம்மாவழிப் பாட்டியும் யுகேந்திரனின் அம்மாவழிப் பாட்டியும் கூடப் பிறந்த அக்கா தங்கை என்கிறது படம். அப்படியானால் அம்மாக்கள் இருவரும் அக்கா தங்கை முறை. பிள்ளைகள்?

"எங்கம்மா நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டாங்க. அவங்களுக்குத் தங்கச்சி இருந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்று மாரியம்மா போனில் கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி.

"தோட்டத்துல எல்லாரும் எல்லாருக்கும் அக்காதான்" என்றாள் விமலா. "எதிர்வீடு அக்கா, தண்ணிக் குழாய்ல சண்டை போட்டவளும் அக்கா. யாரோ வாட்சாப்புல 'எங்க பாட்டிக்கு அவங்க அக்கா'ன்னு சொல்லியிருப்பாங்க, ஹில்டா அப்படியே ஏத்திட்டா. இந்தா, அழிச்சாச்சு."

மறுநாள் காலையில், பசியாறி முடிப்பதற்குள் தாப்பாவிலிருந்து போன்.

"அக்கா, நேத்து இருந்த கோட்டை இப்ப காணோம். பொய்யா இருந்தா எதுக்கு இவ்வளவு அவசரமா அழிச்சீங்க?"

விமலா வாயைத் திறப்பதற்குள், "அலாமா! மறுபடியும் வந்திருச்சு அக்கா!" என்றாள் மாரியம்மா.

படத்தைப் பராமரிக்கிற மகேந்திரனை விமலா பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, இது ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு கிடக்கு. வேற இடத்திலேருந்து திரும்பி வந்திருக்கும். இல்ல, யாராச்சும் திரும்பப் போட்டிருப்பாங்க."

"யாரு?"

"பேர் கேட்டா ஜனங்க கூச்சப்படுவாங்க, கதவைத் திறந்தே வைன்னு சொன்னது நீங்கதான்லா."

அழித்தால்தானே வம்பு, மாற்றிவிடலாம் என்று விமலாவுக்குத் தோன்றியது. 'தங்கை' என்று இருந்ததை 'நாத்தனார்' ஆக்கினாள். பொத்தானை அழுத்தினாள். 'முறைப்பெண்' என்று வந்தது. விமலா கைதட்டிவிட்டாள்.

மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தினேஸ்வரி கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"பாத்தியாடி? உன்னை முறைப்பொண்ணாவே ஆக்கிட்டேன்!"

"ம்" என்றாள் அவள். "சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன் அத்தை." குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

விமலாவின் சந்தோஷம் அந்தக் கோப்பி ஆறும்வரைகூட இருக்கவில்லை. பீடோரிலிருந்து ஐயாவு கூப்பிட்டார்.

"விமலாக்கா, என்னத்த நோண்டுனீங்க? எனக்கும் என் பொண்டாட்டிக்கும் என்ன முறைன்னு பேரன் விளையாட்டா அழுத்திப் பாத்தான். அண்ணன் தங்கச்சின்னு வருது!"

"ஐயோ, அது வந்துங்க..."

"பேரன் பேத்தி எடுத்தாச்சு! அவ காலையிலேருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கா. சோறு கேட்டா 'அண்ணனுக்கு என்ன அவசரம்'ங்குறா. எனக்குப் பசிக்குதுலா!"

ஒரு கோட்டை வளைத்ததில் அந்த இரண்டு பாட்டிகளைச் சுற்றியிருந்த பாதித் தோட்டமும் முறை மாறிப் போயிருந்தது. மாமியார்கள் மருமகள்களாகியிருந்தார்கள். விமலா பதறிப்போய் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி, அந்தக் கோட்டையும் அழித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கோடு திரும்ப வரவில்லை. வேறொரு கோடு வந்தது.

"இப்ப பங்காளி வழி காட்டுது" என்றாள் மாரியம்மா. அவள் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. "உங்கப்பாவும் என் மாமனாரும் அண்ணன் தம்பியாம்."

"எங்கப்பா ஒத்தப் பிள்ளை!"

"சின்ன வயசுல கப்பலேறி வந்தவரு. அந்தப் பக்கம் யாரை விட்டுட்டு வந்தாரோ? உங்களுக்கு எப்படி அக்கா தெரியும்?"

விமலாவுக்குத் தெரியும். அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று ஒருவரும் கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் கண் கலங்குவார். ஆகவே இது எங்கேயோ இருந்து தானாகத் திரும்பி வந்த கோடு இல்லை. ஒரு கை இருக்கிறது. படத்தின் நெளிவுசுளிவு தெரிந்த கை. அவளைத் தவிர அது தெரிந்தவள் ஒருத்திதான்.

"ஹில்டா, உனக்கு ஏன்டி இந்த வேலை?"

"என்ன வேலை?"

"சம்பந்தம் பேசும்போதே அவசரப்படாத, அவசரப்படாதன்னு சொன்னவதானே நீ?"

"பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியான்னு கேட்டேன். அது ஒரு குத்தமா?"

"என் மருமக எனக்குத் தெரியாதவளா? உனக்குப் பொறாமைடி!"



"தோட்டத்துல உனக்கு அம்மை போட்டப்ப, உங்க வீட்டுப் பக்கமே யாரும் வரல. நான் வந்தேன்" என்றாள் ஹில்டா. "வைக்கிறேன் விமலா."

அவள் எப்போதும் 'விம்மு' என்றுதான் கூப்பிடுவாள்.

விமலா திரும்பக் கூப்பிடப் போனை எடுத்தாள். அதற்குள் கனகராஜ் கார்ச் சாவியோடு வந்து நின்றான். "தாப்பாவுக்குப் போலாம் அக்கா. அவங்க கால்ல விழுந்தாவது முடிக்கணும். இது கூடலன்னா நான் ஊர்ல தலை காட்ட முடியாது."

மாரியம்மா வரவேற்கத்தான் செய்தாள். தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். ஆனால் மடியில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த விமலா மகேந்திரனுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"மகேன், படத்தை எடுத்துரு."

"எந்தக் கோட்டை அக்கா?"

"கோடு இல்ல. எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா? அக்கா, இன்னும் எத்தனை பேர் தேடிக்கிட்டிருக்காங்க! நேத்துகூட ஒருத்தர் அவங்க அக்காவைக் கேட்டு..."

"எடுத்துரு. சித்தியவான்காரர்கிட்டயும் தாப்பாக்காரர்கிட்டயும் சொல்லி, அவங்க எடுத்து வச்சிருக்கிறதையும் எடுக்கச் சொல்லு."

மாரியம்மாவின் மடியில் வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பார்வதி போனாள். விமலாவின் அப்பா போனார், இல்லாத அண்ணனோடு. பீடோர் ஐயாவும் அவர் பெண்டாட்டியும் சேர்ந்தே போனார்கள். கொஞ்ச நேரம் ஓரத்தில் ஹில்டாவின் வட்டம் மட்டும் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. வெள்ளைத் திரை.

மாரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஒரு பொண்ணுக்காக இத்தனை பேரை அழிச்சவங்க பொய் சொல்லமாட்டாங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை தட்டோட வாரோம் அக்கா."

ஈப்போ திரும்புகிற வழியெல்லாம் கனகராஜ் பாடிக்கொண்டே வந்தான். வீட்டு வாசலிலேயே நின்று சமையல்காரருக்குப் போன் போட்டு, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று சத்தமாகப் பேச ஆரம்பித்தான். விமலா மட்டும் உள்ளே போனாள்.

தினேஸ்வரி சாப்பாட்டு மேசையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. திரை வெள்ளையாக இருந்தது.

"எல்லாம் முடிஞ்சிதும்மா" என்று விமலா அவள் தலையைத் தடவினாள். "அவங்க சம்மதிச்சுட்டாங்க. இனிமே எந்தக் கோடும் வராது."

தினேஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க அழிக்க அழிக்கத் திரும்பத் திரும்பப் போட்டது நாந்தான் அத்தை... இனிமே நான் எங்க போய்ப் போடுவேன்?"