நான் போட்ட கும்பிடுகள்

எனக்கு வாசிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போயிருக்கிறேன். பஸ் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயர், கடைப்பலகை, திருவிழாத் தாளின் தலைப்பு எல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். தலைப்புக்குக் கீழே உள்ளதை நானே சொல்லிவிடுவேன். (பெரும்பாலும் சரியாகவே இருக்கும். திருவிழாவில் புதிதாக என்ன நடந்துவிடப் போகிறது?) அம்மா இல்லாத வீட்டில் நான் வளர்த்த தம்பி மணியம், அக்கா நன்றாகப் படித்தவள் என்றே நம்பியிருந்தான். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

தொற்றுக் காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, என் மகள் செல்வி என்னை ஒரு வாட்சப் குழுவில் சேர்த்துவிட்டாள். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள்தான் அதில். இப்போது ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் இருக்கிறார்கள். முதல் வாரம் பூவும் சாமி படமும் வந்தன. அடுத்து எழுத்தாக வரத் தொடங்கியது. பொடி எழுத்து, கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும்.

மெர்கோங்கில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் கோவிந்தன் ஊசி வேண்டாம் கட்சி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்த இராசம்மா ஊசி வேண்டும் கட்சி. ஊசி போட்டவன் அரசாங்கத்துக்கு ஜால்ரா, போடாதவன் நாட்டுக்குத் துரோகி என்று அரசியலும் அதில் ஏறிக்கொண்டது. இதெல்லாம் பிறகு செல்வி வாசித்துச் சொல்லித்தான் தெரியும். நிறையப் பேர் நிறைய எழுதுகிறார்கள் என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.

வாசலுக்கு ஒருவர் வந்து பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியுமா? அதனால் யார் என்ன அனுப்பினாலும் கை கூப்பிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். கோவிந்தனுக்கு ஒரு கும்பிடு, இராசம்மாவுக்கு ஒரு கும்பிடு. நீளமாக எழுதியவருக்கு, பாவம் கை வலித்திருக்குமே என்று, மூன்று கும்பிடு. கோவிந்தன்தான் எப்போதும் நீளமாக எழுதுவான்.

நான் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதே குழுவில் இருந்த மணியத்துக்கும் நாள் வந்தது. அவன் தஞ்சோங் டாவாயில் கருவாடு காயவைக்கும் இடத்தில் வேலை செய்கிறான். சர்க்கரை உடம்பு; போன வருடம்தான் கால் விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். அவனுக்குத் தொற்று வந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனைக் கூட்டிப்போகச் செல்வி காரை எடுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து போன் அடித்தாள்.

"அம்மா, மாமா கார்ல ஏற மாட்டேங்குறாருமா. நீதான் வேணாம்னு சொன்னியாம்!"

"நானா? நான் எப்படி சொன்னேன்?"

மணியம் போனை வாங்கினான். "அக்கா, கோவிந்தன் ஊசியில விஷம் இருக்குன்னு போட்டதுக்கு நீ மூணு கும்பிடு போட்டியா இல்லையா?"

"போட்டேன்."

"படிச்சுட்டுத்தானே போட்டே?"

அந்த இடத்தில் ஒரு நல்ல பெண்பிள்ளை உண்மையைச் சொல்லியிருப்பாள். நான், "படிக்காமலா போடுவாங்க?" என்றேன்.

"அப்புறம் என்ன? நீ ஏத்துக்கிட்டே, நானும் ஏத்துக்கிட்டேன். முடிஞ்சதுலா."

பின்னால் செல்வி, "மாமா, பன்னெண்டு மணிக்குள்ள போகணும்" என்று கத்துவது கேட்டது.

"தம்பி, அக்கா படிக்கல."

"என்னை ஏத்திவிடப் பொய் சொல்றே."

"சத்தியமா, டே. அந்தப் பொடி எழுத்து எனக்கு ஓடாது."

"அப்படின்னா குரூப்புல சொல்லு. நீயாவது, ஊர் முன்னாடி அப்படிச் சொல்றதாவது! சொன்னா ஏறுறேன்."

என்னை நன்றாகத் தெரிந்தவன். செத்தாலும் சொல்ல மாட்டேன் என்றுதான் கேட்டான்.

குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். "அஞ்சலை பேசுறேன். நீங்க அனுப்புற எதையும் நான் படிச்சதில்ல. எனக்குப் படிக்க வராது. மரியாதைக்குத்தான் கும்பிட்டேன். நான் ஊசி போட்டாச்சு. என் தம்பியும் போடணும்." இரப்பர் மரத்துக்கு மரம் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, பக்கத்து வீட்டுக்காரியே எட்டிப் பார்த்தாள்.

முதலில் வாய் திறந்தவள் இராசம்மாதான். "அடிப்பாவி! எங்க பூனை செத்ததுக்குக் கும்பிட்டியே, அதுவும் மரியாதைக்கா?"

மணியம் காரில் ஏறினான். ஊசியும் போட்டான். கை வீங்கியதற்கு இரண்டு நாள் என்னைத் திட்டினான். மூன்று மாதம் கழித்து அவனுக்குத் தொற்று வந்தது. இருமிக்கொண்டே வீட்டில் கிடந்து எழுந்துவிட்டான். ஊசிதான் காப்பாற்றியது என்று இராசம்மா. கருவாட்டு உடம்பு என்று கோவிந்தன். நான் யாருக்கும் கும்பிடு போடவில்லை.

அன்றிலிருந்து மணியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் எதை அனுப்பினாலும், "நீ படிச்சியா?" என்று கேட்பான். போன தேர்தலுக்கு முன்னால் கோவிந்தன் ஒரு முழ நீளத்துக்கு ஒன்றை அனுப்பினான். மணியம் விடவில்லை, கேட்டான். வெகுநேரம் கழித்துக் கோவிந்தனிடமிருந்து பதில் வந்தது: "எங்கேண்ணே நேரம்? வந்துச்சு, அனுப்பிட்டேன்."

கோவிந்தன் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். இருந்தாலும் எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை பள்ளிப் பாடத்தை வாசிக்காமல் தலையாட்டினால், "என்ன, அஞ்சலையா நீ?" என்றுதான் கேட்கிறார்கள். கோவிந்தனா என்று ஒருவரும் கேட்பதில்லை.