மூன்றாவது நிமிஷத்தில் சாகும் வீடியோ

திருவொற்றியூர் கடற்கரையில் என்னைக் கொலைகாரனாக்கும் தகுதி ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. பெயர் கிரீஸு. அம்மா வைத்த பெயர் வேறு ஏதாவது இருக்கும். எங்கள் குப்பத்தில் யாருக்கும் தெரியாது.

தொழில், விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். மீனவர் சங்கக் கட்டடத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டருக்கும் அவர்தான் பொறுப்பு. யார் கொடுத்த பொறுப்பு என்று கேட்டால் முறைப்பார். கடலில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் கிரீஸ் போட்டுப் பழகிய கை, மேஜையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரையும் விடவில்லை. "உப்புக் காத்து பட்டா பூடும் மாமு" என்று ஒரே ஒரு யு.எஸ்.பி. ஓட்டையை விட்டுவிட்டு, நெட் ஒயர் ஓட்டை உட்பட மற்ற எல்லாவற்றிலும் விரலால் கிரீஸைத் திணித்தார். மூடி ஸ்க்ரூக்கள் மேல் படகு விரிசலுக்குப் பூசுகிற பிசின். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் மூன்றும் பழங்காலத்துப் பெரிய பின்கள் என்பதால் பிழைத்தன.

அப்பாவின் வலை அறுபடும் வரை எனக்கும் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

எண்ணூர் பக்கம் ஒரு சரக்குக் கப்பல் வலையைக் கிழித்துக்கொண்டு போனது. படகில் இருந்த சித்தப்பா அதை போனில் எடுத்தார். கரைக்கு வந்ததும் சங்கக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஏற்றிய கையோடு கிரீஸு மிச்சமிருந்த கடைசி ஓட்டையையும் அடைத்தார்.

"உள்ள வந்த ஆதாரம் வெளிய போவக் கூடாது."

மறுவாரம் சித்தப்பாவின் போன் கடலில் விழுந்தது. இனி உலகத்தில் அந்த வீடியோ இருப்பது இந்த கிரீஸ் டப்பாவுக்குள் மட்டும்.

வெள்ளிக்கிழமை மீன்வளத்துறை ஆபீசர் நேரில் வருகிறார். கப்பலின் பெயர் தெரிந்தால் நஷ்ட ஈட்டுக்கு எழுதுவார். தெரியாவிட்டால் அப்பா இன்னொருத்தர் படகில் கூலிக்கு ஏற வேண்டியதுதான். வீடியோவோ சரியாக மூன்றாவது நிமிஷம், கப்பலின் மூக்கு தெரிந்ததும், பிளேயரோடு மூடிக்கொள்ளும்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே ஐந்து பிளேயர்கள், அவை வீடியோவை ஓட்டத் தேவையான கோடெக் பேக்குகள் மூன்று, ஒன்றின் கழுத்தை ஒன்று நெரித்துக்கொண்டிருந்தன.

"யோவ், இத்தினி பிளேயர் இன்னாத்துக்கு?"

"கடலுக்குப் போறப்ப ஸ்பேர் வாணாவா? ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும்."

"ஒண்ணுமே ஓடலயே."

"அது மெசினோட கொணம். நீ எதையும் கழட்டாத."

மூன்று நாள் இதே சண்டை. நான் டீ குடிக்கப் போனால் போதும், என் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். வீடியோவைத் திறப்பார், அது சாகும். திறப்பார், சாகும். ஒரு மணி நேரம் சளைக்காமல் இதையே செய்வார்.

"யோவ், இன்னா பண்ற?"

"பாத்துகினு கீறேன்."

எனக்குப் பல் நறநறத்தது. வியாழக்கிழமை அவர் படகுக்குப் போன நேரமாகப் பார்த்து, ஒரு பிளேயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அழித்தேன். பெருமையாக வீட்டுக்குப் போய்விட்டேன். ஓட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார். குப்பமே கூடியது. கிளிக் செய்தேன். திறக்கவில்லை. மறுபடி கிளிக். மூன்று நிமிஷமாவது உயிரோடிருந்தது, இப்போது மூன்று வினாடிகூட இல்லை. அழித்ததில் ஏதோ ஒன்றை நம்பித்தான் அந்த பிளேயரே ஓடியிருக்கிறது.

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். நான் என் தப்பை மறைக்க கிரீஸு மேல் பாய்ந்தேன்.

"ஓட்டைய அடச்சவன் நீதானயா. உன்னாலதான் எங்கப்பா கூலிக்குப் போவப் போறாரு. கடலுக்குப் பொறந்த மெக்கானிக்குக்கு கம்ப்யூட்டரு இன்னாத்துக்குயா?"

"கத்தி முட்ச்சியா மாமு? அந்தாண்ட நவுரு."

பீரோவைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். ஜன்னலுக்கு ஜன்னல் நைலான் கயிறு கட்டி, வாளை மீன் காயப் போடுவது போல ஒவ்வொரு தாளாக கிளிப் போட்டு மாட்டினார். எல்லாம் வீடியோவின் படங்கள். கப்பல் தாளுக்குத் தாள் பெரிதாகிக்கொண்டே போனது.

"இன்னா இது?" என்றார் ஆபீசர்.

"வீடியோவுக்குக் கீழ ஓடுற கோட்டைத் தள்ளி எங்க வுட்டாலும், சாவறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம் காட்டுது சார். சாவுக்கு ஒண்ணு புட்ச்சு பிரிண்டு போட்டேன்."

ஆபீசர் கயிற்றோடு நடந்தார். கடைசி ஜன்னலுக்கு முந்தின தாளில் நின்று கண்ணாடியை மாட்டினார். கப்பலின் பெயரை எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டார். அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்.

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. கூட்டம் கலைந்ததும் பிடித்தேன்.

"மூணு நாளா வாயத் தொறந்து சொன்னா இன்னாயா?"

"நீ பட்ச்ச புள்ள. உன் வழியில ஓட வெச்சுட்டா நல்லதுதானன்னு வுட்டேன்."

பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளைக் கொடுத்தார். வீடியோவின் கடைசிப் படம். அறுந்த வலை நுனியைப் பிடித்துக்கொண்டு அப்பா அழுதுகொண்டிருந்தார்.

"இத்த மட்டும் மாட்டல. நாலு பேரு பாக்கற எடத்துல எதுக்கு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். "டீ சாப்ட்றியா அண்ணாத்த?" என்றுதான் வந்தது.