பத்து மணிக்கு வரும் வாடை

"சேர், மறுகாவும் வருது!"

பியோன் பக்கீர் முகைதீன் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னபோது சுவர்க் கடிகாரம் பத்து அடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

காலிதீன் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஆனால் வாடை இருந்தது. அந்த நொடியில் பற்றவைத்த சிகரட்டின் வாடை. அறை முழுக்க அல்ல, அவருடைய கதிரையைச் சுற்றி மட்டும், யாரோ பக்கத்தில் நெருங்கி நிற்பதுபோல.

வேறு யாருடைய மேசை என்றாலும் பரவாயில்லை. கல்முனையின் அந்த அரசாங்கக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞர் காலிதீன்தான் புகைத்தல் தடைக்குப் பொறுப்பாளர். தடைப் பலகைகளைத் தன் கையால் ஆணி அடித்து மாட்டியவர். முப்பது வருடப் பழக்கத்தை, தடை வந்த அன்று காலையே விட்டவர். அதற்குப் பிறகு கை நடுங்கவில்லை, எரிச்சல் வரவில்லை, ஒரு பிளேன்டீகூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. "மூணு மாசமா வேற மாப்பிள்ளையோட குடும்பம் நடத்துற மாதிரி இரிக்கி" என்று மனைவி நஸீறா பக்கத்து வீடெல்லாம் சொல்லிப் பூரித்துப்போயிருந்தாள்.

வியாழக்கிழமை மாவட்டத்திலிருந்து பரிசோதனை. பொறுப்பாளரின் மேசையிலேயே வாடை என்று எழுதிவிட்டால் தூரத்துத் தெஹியத்தகண்டிக்கு மாற்றம் நிச்சயம். மகள் ஆதிலாவுக்கு உயர்தரப் பரீட்சை வரும் வருடத்தில் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வீட்டுக்கு வரும் வாப்பாவாக இருக்க அவரால் முடியாது.

முதலில் வாயில் கராம்பு போட்டுக்கொண்டார். வாடை போகவில்லை, கராம்பும் சேர்ந்தது. "சிகரட் பத்திப்போட்டு மறைக்கிற ஆக்கள்தான் கராம்பு சப்புற" என்று எழுதுவினைஞர் ஸுஹைறா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

மறுநாள் மேசையை யன்னலில்லாத பதிவேட்டு அறைக்குள் இழுத்துப்போய், கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பத்து அடித்தது. மூச்சு விட்டார். விட்ட மூச்சிலேயே வாடை வந்தது.

கதவைத் திறந்துகொண்டு அவர் ஓடிவரவும், பொறுப்பதிகாரி யசோதினி கையில் ஒரு கடிதத்தோடு வரவும் சரியாக இருந்தது.

"காலிதீன், கேற்றடி லொத்தர் டிக்கட் பெட்டியில வியாபாரம் பாதியாக் குறைஞ்சு போச்சாம். அரசாங்கத்துக்கு வருமானம் விழுந்ததுக்கு மாவட்டத்தில இருந்து எங்களிட்ட விளக்கம் கேட்டிருக்கிறாங்க."

"நம்மட்ட என்னத்துக்கு மிஸ்?"

"நாங்க தடை போட்ட மாசம்தான் அது விழத் தொடங்கினதாம்."

ஒரு விடயம் எப்படி இயங்குகிறது என்று விளக்கக் கிடைத்தால் காலிதீனுக்கு வேறெல்லாம் மறந்துபோகும். ஒரு தாளை எடுத்துப் படம் கீறத் தொடங்கினார்.

"இது கேற்று மிஸ். இது பெட்டிக்கடை. சிகரட் ஒண்டு நூத்தி அறுபது. இருநூறு குடுத்தா மிச்சம் நாப்பது. பக்கத்தில லொத்தர்ப் பெட்டி. ரெண்டும் இராசதுரைட. டிக்கட் நாப்பது. சிகரட் எரிஞ்சு முடிய ஏழு நிமிசம் செல்லும். ஏழு நிமிசம் ஒரு மனிசன் நாப்பது ரூவாயக் கையில வெச்சிக்கிட்டு டிக்கட்டப் பாத்துக்கிட்டு நிண்டா என்ன நடக்கும்?"

"இப்ப?"

"இப்ப வெளிய போறதெண்டா பதிவேட்டில காரணம் எழுதணும். சிகரட் பத்தப் போறன் எண்டு ஆரு எழுதுவாங்க? போறல்ல. மிச்சமும் இல்ல, டிக்கட்டும் இல்ல."

"உங்கட ஆக்கள் லொத்தர் எடுக்கிறதில்லையே? ஹறாமல்லோ?"

"ஓம், எடுக்கிறல்ல. இராசதுரை டிக்கட்ட நாலா மடிச்சி, சிகரட்டோட சேத்துத் தருவாரு. நாங்க வாங்குறது சிகரட்டத்தான்."

யசோதினி சிரிக்க வாயெடுத்தவள், மூக்கைச் சுளித்தாள். "நீங்க முதல்ல உங்கட வாடைக்கு ஒரு வழி பாருங்க."

வியாழன் காலை வழி சொன்னது பக்கீர் முகைதீன்தான்.

"இது மனிசன்ட வேல இல்ல சேர். சாம்பிராணி போடுவம்."

வேறு வழி தெரியாமல் காலிதீன் தலையாட்டினார். பக்கீர் முகைதீன் தணலில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டான். மேசை மறைந்தது, கதிரை மறைந்தது, காலிதீனும் மறைந்தார். அந்த வெண்புகைக்குள் இருமிக்கொண்டே ஒருவர் நுழைந்தார். பரிசோதகர் மதுஷன், சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே.

"புகையில்லாத கந்தோர் இதானே?"

காலிதீன் உள்ளதையெல்லாம் சொல்லிவிட்டார். மதுஷன் நம்பவில்லை. தணலை வெளியே அனுப்பி, புகை கலையும்வரை காத்திருந்து, காலிதீனின் இரண்டு கைகளையும் மேசைமேல் வைக்கச் சொல்லி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். யசோதினியும் பக்கீர் முகைதீனும் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

பத்து அடித்தது.

மணிக்கட்டு குளிர்ந்தது. விரல் இடுக்கிலிருந்து வாடை கிளம்பியது. நகத்திலிருந்து, சட்டைக் கொலரிலிருந்து, மூடிய வாயிலிருந்து. பக்கீர் முகைதீன் உதட்டுக்குள் ஓதத் தொடங்கினான்.

மதுஷன் கையை விடவில்லை. மற்றக் கையால் பேனையை எடுத்தார். "எப்பிடிச் செய்றீங்களோ தெரியாது. ஆனா வாடை உங்களிட்ட இருந்துதான் வருது. இத எழுதத்தான் வேணும்."

"அல்லாஹ்வுக்காக எழுதாதீங்க சேர்! மூணு மாசமா நான் ஒண்டும் தொடல்ல."

வாசலில் யாரோ கனைத்தார்கள். லொத்தர் விளக்கத்துக்காக யசோதினி வரச்சொல்லியிருந்த இராசதுரை. "மாவட்டம் விளக்கம் கேட்ட லொத்தர்க்காரர்" என்றாள் அவள். காலிதீனை மறைத்துக்கொண்டு மூன்று பேர் நின்றதால் அவருக்கு அவர்களின் முதுகுகள்தான் தெரிந்தன.

"உங்கட வியாபாரம் ஏன் விழுந்தது?" என்று மதுஷன் திரும்பாமலே கேட்டார்.

"கந்தோர் ஆக்கள் ஒருத்தரும் வாறல்ல ஐயா. காலிதீன் சேர் மட்டும்தான் ஒரு நாளும் தவறாம வாறவர். பத்து அடிச்சா ஒரு சிகரட், ஒரு டிக்கட்."

"கடைசியா எப்ப வந்தவர்?"

"இப்பதான். இன்னும் எண்ட பெட்டியடியிலதான் நிண்டு பத்திறார்."

மதுஷனின் பேனை நின்றது. தன் பிடிக்குள் இருந்த மணிக்கட்டைக் குனிந்து பார்த்தார். மெதுவாக விரல்களை எடுத்தார்.

காலிதீனுக்கு உயிர் திரும்பியது. தெஹியத்தகண்டி தூரத்தில் கரைந்து மறைந்தது. சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார்.

"கேட்டீங்களா சேர்! நான் இஞ்ச உங்கட கையில இரிக்கன். அப்ப அது நானில்ல!"

இராசதுரை அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தார்.

"அவரும் அதத்தான் ஐயா சொல்றார். தடை போட்ட நாளில இருந்து உள்ளுக்கு அவர்ட கதிரையில இருக்கிறது அவரில்லையாம்."